செங்கல் ஊர்க் கதை – 17: கொடியில் காய்ந்த காகிதங்கள்

சென்ற வாரம் 1969 மே மாத ஊரடங்கோடு நிறுத்தியிருந்தோம். ஊரடங்கு தளர்ந்த பிறகு பிரிக்பீல்ட்ஸ் வீடுகளுக்குள் ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது: பெர்மிட். குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க வேண்டுமானால் இனி அனுமதிச் சீட்டு வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு மனுப் போட்டவர் பெரியப்பா. 1970 முடிந்தது. பதில் வரவில்லை.

பதிலுக்கு முன்னால் ஆறு வந்தது.

*

அப்போது எனக்கு எட்டு வயது. ஸ்காட் ரோட்டுக்குப் பின்னால், ஆற்றுப் பக்கமாக இருந்த ரயில்வே லைனில் குடியிருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் ஐந்தாவது வீட்டில் தும்முவார்கள். முன்னால் சடக்கு. பின்னால் கொல்லை, கோழிக்கூண்டு, அதைத் தாண்டினால் கிள்ளான் ஆறு.

ஆறு என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். தேநீர் நிறத்தில், யாரையும் தொந்தரவு செய்யாமல் போய்க்கொண்டிருக்கும். பையன்கள் அதில் இறங்கக் கூடாது என்று பாட்டி சொல்வது ஆழத்துக்குப் பயந்தல்ல, அழுக்குக்குப் பயந்து.

ஆண்டு முடியும் தறுவாயில் மழை பிடித்துக்கொண்டது. மார்கழி மாதம். கந்தசாமி கோயிலில் திருவெம்பாவை நடக்கும் நாட்கள். விடியற்காலையில் கோயில் மணி கேட்டுத்தான் பாட்டி எழுந்திருப்பாள். அந்த வாரம் தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் மணி கேட்கவில்லை. "இன்னிக்கு மணியே அடிக்கலையாடா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பு மூட்டினாள்.

புது வருடம் பிறந்து, பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். எனக்குப் புதுச் சப்பாத்து வாங்கி வைத்திருந்தார்கள். வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. அதைப் பெட்டியோடு தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

*

இந்த ஊருக்கும் தண்ணீருக்கும் உள்ள கணக்கு பழையது. தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். 1881 ஜனவரியில் கோலாலம்பூரில் பெருந்தீ. அதே ஆண்டு டிசம்பரில் பெருவெள்ளம். அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்த ஊர் ஒரே வருடத்தில் நெருப்புக்கும் தண்ணீருக்கும் போனது. அதற்குப் பிறகுதான் ரெசிடெண்ட் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார். காப்பிட்டான் யாப் ஆ லோய் செங்கல் சூளை போட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். ஊரின் பெயரே அந்தச் சூளைகளிலிருந்து வந்தது.

சூளைக்குக் களிமண் வேண்டும். களிமண்ணுக்குத் தோண்ட வேண்டும். இந்தப் பகுதி இத்தனை பள்ளமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் சொந்தக் கணிப்பு. பொறியாளர்கள் யாராவது மறுத்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஆறு பெருகியதற்குப் பெரிய காரணம் ஈயம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் கழுவித் தள்ளிய மணல் பல ஆண்டுகளாக ஆற்றில் போய்ப் படிந்தது. ஆற்றுப் படுகை மேடானது. படுகை உயர்ந்தால் தண்ணீர் எங்கே போகும்? கரைக்கு மேல்தான். இதன் கோரமான உதாரணம் வடக்கே கோலக்குபு. அங்கே சுரங்க மணல் வந்து ஆற்றை மூடி, வெள்ளமும் சேறும் ஊரையே விழுங்கின. கடைசியில் 1930 வாக்கில் மேட்டில் வேறு ஊர் கட்டிக்கொண்டு போனார்கள். அதுதான் இன்றைய கோலக்குபு பாரு.

கோலாலம்பூர் இடம் மாறவில்லை. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் முனையில்தான் தலைநகரம் வளர்ந்தது. அந்த முனைக்குக் கீழே, இரண்டு ஆற்றுத் தண்ணீரும் ஒன்றாக வந்து திரும்பும் வளைவில் பிரிக்பீல்ட்ஸ்.

1926இல் ஒருமுறை வெள்ளம் வந்தது. லைனில் இருந்த கிழவர்களுக்கு அது ஆண்டுக் கணக்கின் தொடக்கம் மாதிரி. "இருபத்தாறுக்கு முந்தி", "இருபத்தாறுக்கு அப்புறம்" என்றே பேசுவார்கள். மழை கொஞ்சம் வலுத்தால் வாசலில் நின்று ஆற்றைப் பார்ப்பார்கள், "இருபத்தாறு மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

1971 ஜனவரியில் அப்படிச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

*

இரவு எத்தனை மணி என்று எனக்குத் தெரியாது. அம்மா என்னைத் தூக்கியபோது அவள் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. பின்பக்கத்திலிருந்து, அடுப்படிச் சாக்கடை வழியாக, சத்தமே இல்லாமல் மேலே ஏறியிருந்தது. அடுப்புக்கட்டி மிதக்கவில்லை, கரைந்தது. அரிசித் தகரம் மிதந்தது. என் சப்பாத்துப் பெட்டி படகு மாதிரி கட்டிலடியில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் கையை நீட்டினேன். அம்மா கையில் ஒரு அடி போட்டாள்.

அப்பா அன்று இரவு வேலையில் இருந்தார். ரயில்வேக்காரர் வீட்டில் ஆபத்து வரும்போது ஆண்பிள்ளை வேலையில்தான் இருப்பார் என்பது லைனில் எல்லாப் பெண்களும் சொல்லும் குறை.

வீட்டில் இருந்தவர் பெரியப்பா. அவர் முதலில் எடுத்தது என்னையல்ல, பாட்டியையும் அல்ல. பரணிலிருந்து பச்சை நிற டிரங்குப் பெட்டியை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டார். பிறகுதான் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்கு அடுத்த மரியாதை உள்ள பொருள். வருடத்துக்கு ஒருமுறை தைப்பொங்கலுக்கு முன்னால் இறக்குவார்கள், துடைப்பார்கள், ஏற்றிவிடுவார்கள். பிள்ளைகள் தொடக் கூடாது. அதற்குள் நகை இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் சடக்கைக் கடந்தபோது அவர் கால் ஏதோ பள்ளத்தில் இறங்கியது. ஆள் சாயவில்லை. பெட்டி சாய்ந்தது. ஒரு பக்கம் தண்ணீருக்குள் போய், "களக்" என்று ஒரு சத்தம் கேட்டது. பூட்டுப் போட்ட பெட்டிதான். ஆனால் துருப்பிடித்த தகரத்துக்குள் தண்ணீர் புக எவ்வளவு நேரம் ஆகும்?

பெரியப்பா அழுது நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

*

எங்கே போவது? லைனில் எல்லாம் தரைவீடுகள். மாடி இருந்தது ரயில்வே கிராணிமார் குடியிருந்த வீடுகளுக்குத்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ஒரே ஊராக இருந்தாலும் தமிழர் இரண்டு வகையாக இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து மிஷன் பள்ளிக்கூட ஆங்கிலத்தோடு வந்தவர்கள் ரயில்வேயில் கிராணியாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கைநாட்டோடு வந்தவர்கள் தண்டவாளம் போட்டார்கள், கரி அள்ளினார்கள். அவர்களுக்கு ஒரு கோயில், எங்களுக்கு ஒரு கோயில். சந்திக்கும் இடம் சம்பள மேசை. அவர்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுவார்கள், நாங்கள் இந்தப் பக்கம் நின்று கட்டைவிரல் வைப்போம்.

எதிர்ச்சாரியில் இருந்த கிராணி வீட்டு வாசலில் பாட்டி நின்றாள். கதவைத் தட்டக் கை தயங்கியது. முப்பத்து நான்கு வருடம் அந்தத் தெருவில் இருந்தும் அந்தப் படியை அவள் மிதித்ததில்லை.

தட்டுவதற்குள் மேலே சன்னல் திறந்தது. கிராணியின் மனைவி அரிக்கேன் விளக்கோடு எட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்க வாங்கோ! பிள்ளையளை முதல்ல மேல ஏத்துங்கோ!"

அந்த இரவில் அந்த மாடியின் இரண்டு அறைகளில் எத்தனை பேர் இருந்தோம் என்று எண்ணவில்லை. லைனில் பாதிப் பேர் இருந்தோம் என்று அம்மா சொல்வாள். இரண்டு கோழிகள், ஒரு பால்காரரின் கன்றுக்குட்டி. கன்றுக்குட்டி மாடிப்படியில் நின்று விடியும்வரை கத்தியது.

விடிந்தபோது சன்னலுக்கு வெளியே சடக்கு இல்லை. பழுப்புத் தண்ணீர், அதன்மேல் கூரைகள். மிதந்து போனவற்றில் ஒரு தொட்டிலும் ஒரு தையல் மிஷின் மேசையும் எனக்கு ஞாபகம். பெரியவர்கள் தொட்டிலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

*

தலைநகரம் 1926க்குப் பிறகு கண்ட மோசமான வெள்ளம் அது. கோலாலம்பூரில் 32 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 1,80,000 பேர். பிரதமர் பதவிக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத துன் ரசாக் தேசியப் பேரிடராக அறிவித்தார். 1969 கலவரத்துக்குப் பின் நாடாளுமன்றம் இன்னும் கூடியிருக்கவில்லை. அந்த நிலையில்தான் ஊர் நனைந்தது.

எண்களை இத்தோடு விட்டுவிடுகிறேன். வெள்ளத்தில் எது போனது என்று பழைய பிரிக்பீல்ட்ஸ்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டில், தையல் மிஷின், ஆடு, கல்யாணப் போட்டோ என்று அடுக்குவார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் குரலைத் தாழ்த்தி இன்னொன்றைச் சொல்வார்கள்: "சூரா போச்சு."

சூரா என்றால் பத்திரம். பிறப்புச் சூரா, கல்யாணச் சூரா, கப்பலில் வந்த காகிதம், ஐசி என்கிற அடையாள அட்டை. 1971இல் ஒரு தமிழனிடம் போகக்கூடாத பொருள் அதுதான்.

*

ஏன் என்பதற்குப் பின்னோக்கிப் போக வேண்டும்.

தாத்தாவும் பாட்டியும் 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். அடுத்த ஆண்டு ஏறியிருந்தால் முடிந்திருக்காது. 1938 ஜூனில், மலாயாவில் கூலி குறைக்கப்பட்டதைக் காரணம் காட்டி, உதவிப் பயணமாகக் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. கடைசிக் கூட்டத்தோடு வந்தவர்கள் இவர்கள். கையில் மூன்று வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைதான் பெரியப்பா. அப்பா இங்கே வந்த பிறகு பிறந்தவர்.

1948இல் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருந்தவன் யார், ஊருக்குள் இருப்பவன் யார் என்று பிரித்துப் பார்க்க எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். அன்றைக்கு அது போலீஸ்காரனிடம் காட்டும் அட்டை, அவ்வளவுதான்.

1957 ஆகஸ்ட் 31 வந்ததும் அட்டைக்கு வேறு பொருள் வந்தது. நாட்டில் போதிய காலம் குடியிருந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். முதல் ஓராண்டுக்குள் போட்டால் மலாய் மொழித் தேர்வுகூட இல்லை. போட்டவர்கள் குடிமக்கள் ஆனார்கள். போடாதவர்கள் நிரந்தரவாசிகளாகவே நின்றார்கள். பின்னாளில் ஒருவருக்கு நீல ஐசி, மற்றவருக்குச் சிவப்பு ஐசி.

எங்கள் வீட்டில் அப்பா நீலம். பெரியப்பா சிவப்பு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

போடாமல் விட்டது ஏன்? அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாத்தா ஊரில் ஒரு துண்டு நிலம் வைத்திருந்தார். இங்கே பிரஜை ஆனால் அங்கே நிலம் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பெரியப்பாவுக்கு ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபாரத்தை நிரப்ப ஆள் வேண்டும், ஆளுக்குக் காசு வேண்டும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், "எப்படியும் ஊருக்குத்தானே போகப்போறோம்" என்ற ஒரு நினைப்பு. முப்பது வருடம் போகாதவர்களும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு கலவரம். அதன்பின் சட்டம் கெடுபிடியாக நடைமுறைக்கு வந்தது. சிவப்பு ஐசிக்காரர் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும். தோட்டங்களிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியவர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்று எழுதுகிறார்கள். கிள்ளானைச் சுற்றிய தோட்டங்களில் ஒரு லைனுக்கு நாலு வீடு பூட்டிக் கிடந்ததை அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆடு மாடுகளைப் பாதி விலைக்கு விற்றார்களாம். சட்டி பானைகளை விற்க மனமில்லாமல் பக்கத்து வீட்டில் கொடுத்து, "வந்து வாங்கிக்கிறேன்" என்றார்களாம்.

பெரியப்பா ரயில்வேக்காரர் அல்ல. ஒரு குத்தகைக்காரரிடம் தினக்கூலி. "பெர்மிட் வந்தாத்தான் அடுத்த மாசம் பேர் எழுதுவேன்" என்று குத்தகைக்காரர் சொல்லிவிட்டார். மூன்று வயதில் வந்தவர் என்று நிரூபித்தால் காரியம் நடக்கலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். அதற்கு ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: தாத்தாவின் கப்பல் காகிதம்.

அது பச்சை டிரங்குப் பெட்டியில் இருந்தது.

*

இரண்டாம் நாள் மத்தியானம். மழை விட்டிருந்தது, தண்ணீர் வடியவில்லை. படகில் வந்தவர்கள் ரொட்டி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாடி அறையின் நடுவில் பெரியப்பா பெட்டியைத் திறந்தார்.

நகை இல்லை. அதில் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு மஞ்சள் துணி மூட்டை. அதை அவிழ்த்ததும் ஈரக் காகித வாசனை, கற்பூரம் கலந்து. நான்கு பத்திரங்கள் ஒன்றோடொன்று அப்பளம் மாதிரி ஒட்டியிருந்தன. பெரியப்பா விரலால் பிரிக்கப் போனார்.

"அழுத்தாதேங்கோ. மை போயிடும்."

கிராணி. அதுவரை அந்த மனிதர் எங்கள் யாரோடும் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். மனைவியிடம் ஒரு தட்டை வாங்கி, அதில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒட்டிய காகிதக் கட்டை அப்படியே மிதக்க விட்டார். பார்த்துக்கொண்டிருந்த பாட்டி "ஐயோ" என்றாள். நனைந்து கெட்டதை மறுபடி நனைக்கிறாரே!

அவர் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் மேல் தாள் ஓரம் தானாகக் கிளம்பியது. தையல் ஊசி ஒன்றை நுழைத்து மெல்ல மெல்லப் பிரித்தார். ஒவ்வொரு தாளையும் மை ஒற்றும் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்தார். தேய்க்கவில்லை. வெறுமனே வைத்தார்.

அப்பாவின் பிறப்புப் பத்திரம் தப்பித்தது. பாட்டியின் ஐசி தப்பித்தது.

கப்பல் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது அறையில் பேச்சு அடங்கியது. அச்சடித்த எழுத்து அப்படியே இருந்தது. தாத்தா பெயர் பாதி தெரிந்தது. வருடம் தெரிந்தது, 1937. கீழே குடும்பத்தினர் விவரம். மனைவி பெயர் இருந்தது. அடுத்த வரியில் பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு கறை. கறைக்குப் பக்கத்தில் வயது மட்டும் தெளிவாக: 3.

கிராணி அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். பெரியப்பா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயசு இருக்கு" என்றார் கிராணி. அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். முழுநீளக் கணக்கு நோட்டு, கெட்டி அட்டை. முதல் பக்கத்தில் அன்றைய தேதி போட்டு, காகிதத்தில் இன்னும் தெரிகிற எல்லாவற்றையும் வரி பிசகாமல் ஆங்கிலத்தில் எழுதினார். கப்பல் பெயர், இறங்கிய துறைமுகம். கறை இருந்த இடத்தில் கோடு போட்டார். ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்லை, ஊகிக்கவும் இல்லை.

பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா தன் முந்தானையிலிருந்து ஒரு ஈரக் கத்தையை எடுத்து நீட்டினார். அவருக்குப் பின்னால் பால்காரர். மாலைக்குள் மாடிப்படியில் வரிசை. பிறந்த ஊர், தகப்பன் பெயர், கப்பல், ஐசி எண். பத்திரமே போய்விட்டவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். அதைத் தனிப் பக்கத்தில், "வாய்மொழி" என்று தலைப்பிட்டு எழுதினார். கிராணி புத்தி! சம்பள மேசையில் நாங்கள் வெறுத்த அதே புத்தி.

அம்மாவும் கிராணியின் மனைவியும் அறைக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். துணி கவ்வும் கிளிப்பில் பிறப்பும் கல்யாணமும் பிரயாணமும் வரிசையாகத் தொங்கின. சிவப்பு ஐசிகளும் நீல ஐசிகளும் ஒரே கொடியில்.

இதை ரொம்பவும் உருகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த வீட்டில் எங்களுக்குத் தேநீர் கொடுத்த குவளைகள் தனியாகக் கழுவி வைக்கப்பட்டன. எட்டு வயதிலும் அது எனக்குத் தெரிந்தது. தண்ணீர் வடிந்து நாங்கள் இறங்கிய பிறகு, தெருவில் பார்த்தால் கிராணி பழையபடி தலையை மட்டும் அசைத்தார். ஆனால் நோட்டை அவர் விடவில்லை. மேலும் சில வாரம் ஆட்கள் வந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

*

ஜனவரி 14 பொங்கல். வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. சுவரில் என் தலைக்கு மேல் ஒரு பழுப்புக் கோடு. அடுப்புக்கட்டி போன இடத்தில் மூன்று கல் வைத்து, கிராணி வீட்டிலிருந்து வந்த அரிசியில் பாட்டி பொங்கல் வைத்தாள். பானை புதிதல்ல. "ஆத்துல கழுவின பானைதானே, புதுசு மாதிரிதான்" என்றாள்.

என் வெள்ளைச் சப்பாத்து ஒன்று கோழிக்கூண்டில் கிடைத்தது. மற்றது கிடைக்கவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள், அணைகள் கட்டினார்கள். நகரத்துக்கு அடியில் சுரங்கமே தோண்டி 2007இல் திறந்தார்கள். ஆற்றங்கரையிலிருந்த லைன்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ரயில் பெட்டிகள் மாற்றிக் கோத்த வெளியில் 2001இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரோடு, துன் சம்பந்தன் பெயரைத் தாங்கி, 2010இல் லிட்டில் இந்தியா ஆனது. இன்று அங்கே மல்லிகைப்பூ வாங்குகிறவருக்கு அந்தப் பழுப்புக் கோடு எந்த உயரத்தில் இருந்தது என்று காட்ட ஒரு சுவரும் மிச்சமில்லை. அது வேறு அத்தியாயம்.

தைப்பூசம் கழிந்தது. ஒரு நாள் பிற்பகல் தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியப்பா பெயருக்கு. அப்பா பிரித்துப் படித்தார். மனு பரிசீலனையில் இருக்கிறது. குறிப்பிட்ட நாளில் அசல் ஆவணங்களோடு நேரில் வர வேண்டும்.

அசல் என்று எங்களிடம் இருந்தது பெயரில்லாத ஒரு மூன்று வயதுப் பிள்ளை. துணைக்கு, கிராணியின் கையெழுத்தில் ஒரு நகல், அதிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அன்று காலை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பெரியப்பா கிளம்பியபோது, யாரும் கூப்பிடாமலே எதிர்வீட்டுப் படியில் கிராணி நின்றிருந்தார், கோட்டு போட்டு, கக்கத்தில் அந்த நோட்டோடு.

கவுண்டரில் இருந்தவர் எதை நம்பினார்? காகிதத்தையா, கோட்டு போட்ட மனிதரையா? அடுத்த வாரம் சொல்கிறேன்.

அதற்குள் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராணி குடும்பம் கோட்டர்ஸைக் காலி செய்தபோது அந்த நோட்டு லைனில் ஒருவரிடம் போனது. அங்கிருந்து இன்னொருவரிடம். பிறகு பூச்சோங்குக்கும் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் ஆட்கள் சிதறியதில் நோட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். முழுநீள நோட்டு, கெட்டி அட்டை, முதுகில் சிவப்புத் துணி. முதல் பக்கத்தில் மூன்றாவது வரியில் ஒரு கோடு இருக்கும்.